பின் சீட்டு விசாரணை

பொறாமை என்ற குணம் தமிழருக்குக் கிடையாது என்று கிந்தா வட்டாரத் தமிழிசை நெறி மன்றம் 1979ஆம் ஆண்டு ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் பெயர் பெரிய எழுத்தில் வருமா, வழிமொழிந்தவர் பெயர் பெரிய எழுத்தில் வருமா என்று இரண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதால் தீர்மானம் பத்திரிகைக்குப் போகவில்லை. போயிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். தீர்மானமே என்னால் வந்ததுதான்.

என் பெயர் பியாட்ரிஸ். செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தேன். கோலாலம்பூருக்குப் போய்ப் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினேன். வாங்கிய பட்டத்தோடு ஈப்போவில் ஒரு காப்புறுதி ஆபீஸில் மற்றவர்களுடைய கார் விபத்துகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊர் திரும்பிய அன்று மாலை போட்டு, ஆளுக்கு ஆள் எழுந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் அதை நம்பிவிட்டேன். கோளாறு அங்கேதான் ஆரம்பம். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் எதன் மேலாவது கோபப்படாமல் எனக்குக் காப்பி இறங்காது. வரதட்சணை, தோட்டத்து மானேஜர், பெண்களைப் பின் வரிசையில் நிறுத்தும் கோயில், அதில் எங்கள் மாதா கோயிலும் சேர்த்தி, எதையும் விட்டதில்லை. பெண் யாருக்கும் சொத்தில்லை, ஆணும் பெண்ணுக்குச் சொத்தில்லை, உடைமை உணர்வு முதலாளித்துவத்தின் நோய் என்று பல்கலைக்கழகத்தில் மைக்கைப் பிடித்துப் பேசிக் கைதட்டு வாங்கியவள்.

அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பத்து காஜா ரோட்டில் ஒரு சீனன் காப்பிக் கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

ஸ்டானிஸ்லாஸ் என்பவனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பகலில் பேட்டரிக் கடையில் வேலை. சாயங்காலத்தில் லாலாங் பாய்ஸ் என்ற ராக் இசைக் குழுவுக்கு அவன்தான் கிட்டாரும் தொண்டையும். ஈயம் தோண்டி விட்டுப்போன நிலமெல்லாம் லாலாங் புல் முளைத்துக் கிடக்கிறதே, எவ்வளவு வெட்டினாலும் சாகாது, அதனால் அந்தப் பெயர் என்பான். வெள்ளிக்கிழமை தோறும் என் ஆபீஸ் வாசலிலிருந்து பஸ் நிலையம் வரை அவனுடைய கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் போவேன். எங்கள் காதல் மொத்தமும் அவ்வளவுதான். ஐந்து நிமிடம். சிவப்பு விளக்கு விழுந்தால் ஏழு.

அந்தப் பின் சீட்டில் வேறொருத்தி போகிறாள் என்று காதில் விழுந்துதான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அந்த மோட்டார் என்னைத் தாண்டிப் போனது. பின் சீட்டில் ஒருத்தி. அவன் சட்டையை இடுப்பருகே கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யார் என்று தெரியவில்லை. பல் மட்டும் தெரிந்தது. நல்ல பல்.

வீட்டுக்கு வந்து முதலாளித்துவத்தின் நோய் முற்றியவளாய்ப் பாட்டு எழுதினேன். அந்த வருடம் மன்றம் ஈப்போவில் டேலண்ட் டைம் என்ற பாட்டுப் போட்டி நடத்தப்போகிறது, சொந்தப் பாட்டு இருந்தால்தான் மேடை, நீதான் படிச்சவ, ஒரு பாட்டு எழுதிக் கொடு என்று ஸ்டானி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். கேட்டது காதல் பாட்டு. நான் எழுதியது இது:

பின் சீட்டு என்னுது, இறங்கச் சொல்லு
பிடிச்ச கை யாருது, எடுக்கச் சொல்லு
பத்து காஜா ரோட்டுல பார்த்தேன்டா நானு
பார்த்தது பொய்யின்னு ஒருவாட்டி சொல்லு

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்தேன். படித்தான். உதட்டை அசைத்து மறுபடி படித்தான். "சோக்கா இருக்கு லா, பியா," என்றான். "யாரோ ஒருத்தி செம கடுப்புல எழுதின மாதிரியே இருக்கு."

அப்படியே அறைந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் படித்தவளின் புத்தி வந்தது. திட்டம் போட்டேன். இவன் இந்தப் பாட்டை அந்த மேடையில் தன் வாயாலேயே பாட வேண்டும். பாட்டு எழுதியவர் பியாட்ரிஸ் என்று மைக்கில் சொல்ல வேண்டும். இரண்டாவது சரணத்தில் இவனுக்கு விளங்க வேண்டும். கிட்டார் கம்பி அறுந்தாலும் சரி. தோட்டத்திலிருந்து என் அம்மா குழந்தையம்மாளும் வருவாள். பாட்டின் காரணம் அவளுக்குத் தெரிய வேண்டாம். மகளுடைய பெயரை மைக்கில் கேட்டால் போதும். அன்றிலிருந்து அந்தப் பாட்டு ஒரு சொல் மாறாமல், என் பெயரோடு, மேடை ஏறுவதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மேடைக்கு முன்னால் மன்றம் இருந்தது.

எந்தப் பாட்டும் மன்றத்தின் நெறிக் குழு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மேடைக்குப் போகும். பார்த்து என்றுதான் சொல்ல வேண்டும், கேட்டு என்று சொல்ல முடியாது. இசை காதுக்கு லஞ்சம் கொடுத்துவிடும் என்பதால் குழு எந்தப் பாட்டையும் இசையோடு கேட்பதில்லை. தலைவர் எழுந்து நின்று வாசிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். தலைவர் ஐயாத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி வருகிறது போகிறது என்று காலமெல்லாம் அறிவித்துப் பழகிய குரல். அந்தக் குரலில் "பின்... சீட்டு... என்னுது" என்று அவர் வாசித்தபோது எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடலாம் போல இருந்தது.

எழுதியவர் என்ற முறையில் என்னைச் சுவர் ஓரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் விஸ்வலிங்கம். வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மோட்டார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டார். ஓட்டுபவர் பெயரில் என்றேன். அப்படியானால் பின் சீட்டு எப்படி அம்மா உன்னுடையதாகும், ஒரே வாகனத்தின் இரண்டு சீட்டுக்கு இரண்டு உரிமையாளர் இருக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லையே என்றார். அது உணர்ச்சி, ஐயா என்றேன். உணர்ச்சிக்கு நம்பர் பிளேட் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து செயலாளர் சன்னாசி. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், சொந்த ஊர் பத்து காஜா. எங்கள் ஊரில் ஏற்கனவே ஜெயில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, இதில் கள்ளக் காதலும் இருக்கிறது என்று பாட்டு வேறு வந்தால் எங்கள் பெண்பிள்ளைகளை யார் கட்டுவார்கள் என்று கேட்டார். ஊர்ப் பெயரை எடுக்கச் சொன்னார். அதைக் கேட்டதும் செமோர்க் கிளையின் பத்துமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. எடுப்பதானால் அந்த இடத்தில் செமோர் ரோடு என்று போட வேண்டும், எங்கள் ரோடு இன்னும் அகலம், மோட்டாரில் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம், இந்த மன்றத்தில் எல்லாப் பெருமையும் பத்து காஜாவுக்கே போகிறது என்றார். பெருமையா இது என்று சன்னாசி கேட்டார். பாட்டில் வருவது எதுவானாலும் பெருமைதான் என்றார் பத்துமலை.

தலைவர் கை உயர்த்தினார். 

"பிள்ளை, இதென்ன கதை," என்றார் என்னைப் பார்த்து. "தமிழனிட்டப் பொறாமை எண்டொரு குணமே இல்லை. வீரம் இருக்கு, மானம் இருக்கு, விருந்தோம்பல் இருக்கு. பொறாமை வெள்ளைக்காரன் கப்பலில கொண்டு வந்தது. என்னையே எடுங்கோ. தைப்பிங் மன்றத்துக்காரரின்ட விழாவுக்கு மந்திரி வந்தவர். எங்கட விழாவுக்கு மந்திரியின்ட கார் டிரைவர் வந்து, மந்திரி வரேல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நான் பொறாமைப்பட்டனானோ? இல்லை. தைப்பிங் மண்டபத்துக் கூரையில பாம்பு இருக்கெண்டு மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதினனான். அது மந்திரியின்ட உயிரில உள்ள அக்கறை."

பலமாகக் கைதட்டினார்கள். அந்தச் சூட்டில்தான் தீர்மானம் நிறைவேறியது.

பொறாமை கிடையாது என்று முடிவானதும் பாட்டு இருக்கிறதே, அதை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இல்லாத ஒன்றைப் பற்றி எப்படிப் பாட்டு வரும்? சன்னாசிக்குத்தான் வழி தெரிந்தது. "இதுல ஒரு குறை இருக்கு தங்கச்சி," என்றார். "குறைன்னா விசாரிச்சுத் தீர்த்து வெச்சுரலாம். தோட்டத்துல ஆபீசு படிக்கட்டுல உக்கார வெச்சு எத்தன புருசன் பொண்டாட்டிய சேத்து வெச்சிருக்கேன். ஒரு பய பாட்டு எழுதல. குறை தீர்ந்துட்டா அப்புறம் பாட்டு எதுக்கு?"

குழுவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அடுத்த சனிக்கிழமை பாட்டில் வரும் ஆணை ஆஜராகச் சொன்னார்கள்.

அங்கேயே எழுந்து, இது நீதிமன்றமல்ல, நீங்கள் நீதிபதிகளுமல்ல என்று நான் கத்தியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கு மேடை வேண்டும். "சரிங்க ஐயா" என்றேன். வரும் வழியில் அவர்கள் குடித்து வைத்த டீ கிளாஸ்களையும் எடுத்துக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்டானி டை கட்டிக்கொண்டு வந்தான். பாட்டு தேர்வாகிவிட்டது, கைகுலுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். அவனைக் குழுவுக்கு எதிரில் நிற்க வைத்துத் தலைவர் மறுபடி அந்த ரயில் குரலில் பாட்டை வாசித்தார். இரண்டாவது சரணம் வந்தது.

நான் நனைஞ்ச மழையில பெட்ரோலு இல்ல
அவ சிரிச்ச வெயிலுல டேங்கு நிறைய

ஸ்டானி மெதுவாக என் பக்கம் திரும்பினான். முகம் பேட்டரித் தண்ணீர் பட்டதுபோலச் சுருங்கியது.

"இது என்னைப் பத்தியா லா?"

பதினைந்து முறையாவது கிட்டாரோடு பாடிப் பழகியவன் கேட்கிறான். "இல்ல, பாப்பரசரைப் பத்தி," என்றேன். குறுக்கே பேசக்கூடாது என்று சன்னாசி என்னைக் கண்டித்தார். இவனுக்கு மேடையில் விளங்கும் என்று போட்ட திட்டம் அந்த அறையிலேயே தீர்ந்தது. மிச்சம் இருந்தது பாட்டும் பெயரும்தான்.

விசாரணை தொடங்கியது. பாட்டில் சொல்லும் சம்பவம் நடந்ததா? நடந்தது என்றான். பின் சீட்டில் பெண் இருந்தாளா? இருந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாளா என்று விஸ்வலிங்கம் கேட்டார். போட்டிருந்தால் பல் எப்படித் தெரியும் என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கடைசியில் தலைவர், ஒரு பெண்ணின் பெயர் சபையில் வருவது நல்லதல்ல என்றாலும் உண்மைக்காக மன்றம் எதையும் தாங்கும் என்று பெரிய முன்னுரை சொல்லி, அவள் யார் என்று கேட்டார்.

ஸ்டானி டையைத் தளர்த்தினான். "அம்பிகைங்க, ஐயா."

"எந்த அம்பிகை?"

"உங்க மகதாங்க."

பத்துமலைக்கு முகத்தில் வந்த சந்தோஷத்தை அடக்க ஒரு மிடறு தண்ணீர் போதவில்லை, இரண்டு மிடறு குடித்தார். மகளையும் கூப்பிட்டு விசாரிப்பதுதான் முறை என்று முதலில் சொன்னவரும் அவர்தான். மன்றத்துக்கு எதிர் வரிசையில்தான் தலைவர் வீடு. ஆள் போனது. ஐந்து நிமிடத்தில், பல் டாக்டர் கிளினிக்கில் போடும் வெள்ளைச் சட்டையோடு அவள் வந்தாள். பல்லைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அழுவாள், அல்லது மறுப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்பிகை அறையைச் சுற்றிப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாசித்த பாட்டை வாங்கி நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு, நல்ல பாட்டு என்றாள்.

"ஆனா இதில ஒரு பிழை இருக்கு," என்றாள். "நான் மோட்டார் பழகப் போனனான், அப்பா. பத்து காஜா ரோட்டால போய் அங்கால, பழைய ஈயம் தோண்டின லம்பத்து மணல்ல. போகேக்கைதான் பின்னால இருந்தனான். வரேக்கை நான்தான் ஓட்டினது. இவர் பின்னால இருந்து கத்திக்கொண்டு வந்தவர்."

"கத்தல லா," என்றான் ஸ்டானி. "பிரேக்குன்னு சொன்னேன்."

தலைவரின் முகத்தைப் பார்த்தபோது, அவள் அவனைக் காதலிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று தோன்றியது. அவருடைய மகள் மோட்டார் ஓட்டியிருக்கிறாள். விஸ்வலிங்கத்துக்கு அப்போதுதான் முழு விழிப்பு வந்தது. "எல் லைசன்ஸ் எடுத்தீங்களா, அம்மா?" என்றார். அம்பிகை தரையைப் பார்த்தாள்.

நான் எதைப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த மத்தியானம் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால், அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருவதையும், பின்னால் அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதையும் நானும் பார்த்திருப்பேன். நிற்கவில்லை. என் காலில் செருப்புக் கடித்தது. பெண் யாருக்கும் சொத்தில்லை என்று மைக்கில் முழங்கியவள் பின் சீட்டுக்கு ஆறு சரணம் எழுதியிருக்கிறேன். இவள் ஒரு வரியும் எழுதாமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கு ஏண்டா சொல்லிக் கொடுக்கல?" என்று ஸ்டானியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "நீ கேக்கவே இல்லையே லா," என்றான். அவன் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாததால் அவன் மேல் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

இதற்குள் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். போன வாரம் கப்பலில் வந்த பொறாமை இந்த வாரம் நம்முடையதாயிற்று.

"ஊடல் எண்டு ஒண்டு இருக்கு," என்றார். "அது சங்க காலத்திலயே இருக்கு. தலைவி சந்தேகப்படுவாள், தலைவன் தலையைச் சொறிவான். இது எங்கட மரபு. இந்தப் பாட்டு மரபுப் பாட்டு. பாட்டு முழுக்கக் கற்பனை. கற்பனையில கை வைக்க இந்த மன்றத்துக்கு ஆர் அதிகாரம் தந்தது? ஒரு சொல்லும் மாத்தக் கூடாது. மாத்தினா சனம் ஏன் மாத்தினவை எண்டு கேக்கும். பாடாமல் விட்டாலும் கேக்கும்."

பத்து காஜாவையாவது எடுக்கக் கூடாதா என்று சன்னாசி முனகினார். அது உங்கள் பத்து காஜா இல்லை, கற்பனையான பத்து காஜா என்று தலைவர் விளக்கினார். கற்பனையானது என்றால் செமோர் என்றே போடலாமே என்று பத்துமலை கேட்டார். அவருக்கு அடுத்த வருடம் பொருளாளர் பதவி தருவதாகப் பேச்சானது. விஸ்வலிங்கம் மட்டும், கற்பனை மோட்டாருக்கு லைசன்ஸ் தேவையில்லை என்ற குறிப்போடு ஒப்புக்கொண்டார். ஏகமனது.

எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு சொல் மாறவில்லை. வாசலில் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "பேர் விசயத்தை நான் பாத்துக்கொள்ளுறன், பிள்ளை," என்றார். இவ்வளவு நாளும் இந்த மனிதரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மைக்கில் தடுமாறாமல் வர வேண்டுமே என்று என் பெயரை நிதானமாக இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். அவரும் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபம் நிறைய வேண்டும் என்பதற்காக மன்றம் தோட்டங்களுக்கு லோரி அனுப்பியிருந்தது. ஆளுக்கு ஒரு மீகோரெங் நூடுல்ஸ் பொட்டலம். செமோர் லோரியில் அம்மா வந்து இறங்கினாள், பட்டமளிப்புக்குக் கட்டிய அதே நீலச் சேலை. எதற்கு வரச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லவில்லை. ஒரு விஷயம் இருக்கிறது, கேட்டுக்கொண்டே இரு என்று மட்டும் சொல்லி என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

வரவேற்புரை பேசிய சன்னாசி தலைமையுரை அளவுக்குப் பேசினார். அது பொறுக்காமல் தலைமையுரை பேசிய ஐயாத்துரை அதைவிட நீளமாகப் பேசினார். வாழ்த்துரைக்கு வந்த விஸ்வலிங்கம், தமக்கு முன்னால் பேசியவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சுட்டிக்காட்டி வருத்தப்படவே அதே அளவு நேரம் எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் பேசியது போட்டி மனப்பான்மை கூடாது என்ற பொருளைப் பற்றி. மண்டபத்தில் பாதிப் பேர் பொட்டலத்தைத் தின்று முடித்துத் தூங்கிவிட்டார்கள்.

அப்புறம்தான் அறிவிப்பாளர் லாலாங் பாய்ஸைக் கூப்பிட்டார். ஆங்கிலப் பெயருக்கு மன்றத்து மேடையில் இடமில்லையாதலால் தர்ப்பைப்புல் இளைஞர்கள் என்று கூப்பிட்டார். யாருக்கோ திவசம் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

ஸ்டானி பாடினான். இதுவரை பழகியதெல்லாம் வேறு, இது வேறு. அடித் தொண்டையிலிருந்து, ரம்பத்தால் அறுப்பதுபோல வந்தது. "இறங்கச் சொல்லு" என்று அவன் கத்தியபோது தூங்கியவர்கள் எழுந்தார்கள். மனைவிமார் புருஷன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன்மார் மின்விசிறியைப் பார்த்தார்கள். இவனுக்கு எங்கிருந்து இது வந்தது, கடைசியில் என் மனதைப் புரிந்துகொண்டானோ என்று எனக்குக் கண் கலங்கியது. அவன் கண் போன பக்கம் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை. அம்பிகையையும் பார்க்கவில்லை. அடுத்துப் பாடக் காத்திருந்த ராஜு என்பவன் மேடை ஓரத்தில் நின்றான். அவன் கழுத்தில் ஒரு புது ஜப்பான் கிட்டார் பளபளத்தது. ஸ்டானி அதைப் பார்த்துத்தான் பாடினான். உண்மையாகவே பொறாமைப்படுகிற ஒருவன் என் வரிகளைப் பாடிக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

மண்டபம் அதிர்ந்தது. மற்றவர்களும் பாடி முடித்தார்கள், ஆனால் பரிசு வேறு யாருக்கும் போவதற்கில்லை. தலைவர் மைக்குக்கு வந்தார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டேன். எழுந்து கைகூப்ப வேண்டியிருக்கும். அம்மாவின் கையைப் பிடித்தேன்.

இந்தப் பாட்டு முழுக்க முழுக்கக் கற்பனை என்று தலைவர் மூன்று முறை சொன்னார். ஊரில் சிலர் வேறு விதமாகப் பேசுவதாகக் கேள்வி. பாட்டில் வரும் பெண் இன்னார் என்றுகூடச் சொல்கிறார்களாம். அந்த வாய்களை இப்போதே அடைக்கிறேன் என்றார். பாட்டை எழுதியவரே பாட்டில் வருபவராக இருக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று கூட்டம் சொன்னது.

"இந்தப் பாட்டை இயற்றினது என்ட மகள், செல்வி அம்பிகை."

முன் வரிசையிலிருந்து அம்பிகையைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். சன்னாசி மாலை போட்டார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மைக்கைத் தானே பிடித்து இழுத்தாள். "இதை நான் எழுதேல்லை," என்றாள். தெளிவாக, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். "எழுதினது பியாட்ரிஸ். அங்க இருக்கிறா."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தலைவர் மைக்கைத் திரும்ப வாங்கித் தழுதழுத்தார்.

"பாத்தியளோ," என்றார். "தான் எழுதினதைச் சிநேகிதியின்ட பேரில போடச் சொல்லுறாள். இந்தத் தன்னடக்கம்தான் நான் பிள்ளைக்குக் குடுத்த சீதனம்."

முதலில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். அம்பிகை மறுபடி ஏதோ சொன்னாள். மைக் அவளிடம் இல்லை. ஸ்டானி பரிசுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன். பல்கலைக்கழகத்தில் கத்தியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அது என் பாட்டு என்று கத்தினேன். பல தலைகள் திரும்பின. ஐயோ பாவம் என்பதுபோல் பார்த்தன. பின்னாலிருந்து ஒருத்தி, கூடப் பழகின புள்ளைக்கே இவ்வளவு வயித்தெரிச்சலா என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "பெரிய மனுசன் மேடையில நின்னுக்கிட்டுப் பொய்யா சொல்லுவாரு?" என்றாள் காதோடு. "ஒனக்குத்தான் பட்டம் இருக்குல்ல. அது ஒரு பாட்டு எழுதிட்டுப் போவுது. பொறாமப்படாதடி, உக்காரு."

கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. ஸ்டானி மறுபடி கிட்டாரைத் தூக்கினான். பல்லவியை மண்டபமே சேர்ந்து பாடியது. சரணம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், யாருக்கும் வரிகள் தெரியாது. எனக்குத் தெரியும். மழை, பெட்ரோல், வெயில், டேங்கு எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் தொண்டை கிழியப் பாடினேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டமளிப்பு அன்றுகூட அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் கண்டதில்லை. முன் சீட்டுக்காரியின் தோளைத் தட்டி என்னைக் காட்டினாள்.

"ஒருவாட்டிதாங்க கேட்டிச்சு, அதுக்குள்ள மனப்பாடம். படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."